உட்கார வைத்தவள்

மயிலம் ரயில் நிலையத்துக்குத் தெற்கே லைன் பார்க்கும் கீமேன் வேலை விருத்தாசலம் என்பவருக்கு. விடிந்ததும் நீளக் காம்புச் சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்புவார். தண்டவாளத்தில் தளர்ந்துபோன இரும்பு ஆப்புகளைத் தட்டி இறுக்கிக்கொண்டே பேரணி ஸ்டேஷன் வரைக்கும் நடை. அதே வழியே திரும்பி நடை. வெயில், மழை எதுவும் கணக்கில்லை.

வீட்டுக்கு வரும்போது வாய் நிறையச் சேதி இருக்கும். எந்தக் கொல்லையில் மல்லாட்டைக் கடலை பூத்திருக்கிறது, எந்தப் பனையில் தூக்கணாங்குருவி கூடு கட்டுகிறது, பாசஞ்சர் வண்டி டிரைவர் எப்படிக் கையாட்டினார் என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அளந்துகொண்டே இருப்பார்.

“மூச்சு வுட்டுத் துண்ணு மாமா,” என்பாள் மனைவி அம்சவள்ளி.

அது அவருடைய பிறவிக் குணம் என்றுதான் நினைத்திருந்தாள். அந்தப் பேச்சுக்கும் நடைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

எண்பத்திரண்டாம் வருஷ மார்கழியில், மூடுபனி விலகாத ஒரு காலையில், அடுத்த பகுதிக் கீமேன் ஒருவர் ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனார். அம்சவள்ளி சாவுக்குப் போய்வந்தாள். அன்றிலிருந்து ரயில் ஊதினால் போதும், கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவருவாள். பொறுக்க முடியாமல், விழுப்புரத்தில் ரயில்வேயிலேயே வேலை பார்த்த அண்ணன் முத்துசாமியிடம் போய் அழுதாள்.

“எப்டியாவது அவர கேட்டுக்கு மாத்தி வுட்டுடு அண்ணே. ஒக்காந்துகினு வேல செய்யட்டும்.”

முத்துசாமி யார் யாரையோ பார்த்து, திண்டிவனம் பக்கத்தில் ஒரு லெவல் கிராசிங் கேட்டில் இடம் வாங்கிக்கொடுத்தார். விருத்தாசலத்துக்கு மனமில்லை.

“ஒரே எடத்துல குந்திகினு நான் இன்னா பண்றது அம்சா?”

“ரயிலு வந்தா கேட்டப் போடு, போனாத் தொற. எனக்குத் தாலி நெலைக்கணும்.”

மறுமாதமே அவர் கேட்டு வேலையில் சேர்ந்தார்.

கேட்டை ஒட்டியே வீடு. புருஷன் கண்ணெதிரில் இருந்தார். சூடாறுவதற்குள் சோறு கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தது. தெய்வம் கண் திறந்துவிட்டது என்றே அம்சவள்ளி நினைத்தாள்.

விருத்தாசலத்துக்கு நோவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. முதலில் தூக்கம் போனது. பிறகு தட்டில் பாதிச் சோறு மிஞ்சத் தொடங்கியது. கேட்டில் காத்திருக்கும் லாரிக்காரர்களோடு கொஞ்ச நாள் காரணமில்லாமல் சண்டை போட்டார். பிறகு அதையும் விட்டுவிட்டார். ஓய்வு நாளில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பார். என்ன கேட்டாலும், “ஒன்னுமில்ல, வுடு.” மயிலம் மலைக்கு அழைத்துப்போய் வேண்டிக்கொண்டாள். தாயத்துக் கட்டினாள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொன்னவளுக்குக் கோழியும் கொடுத்தாள்.

கடைசியில்தான் விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, முன்பு என்ன வேலை என்று விசாரித்தார். அம்சவள்ளிதான் சொன்னாள்.

“நடந்து நடந்து பழகின ஒடம்பும்மா,” என்றார் டாக்டரம்மா. “திடீர்னு நிறுத்தினா மனசையும் போட்டு அமுக்கும். மாத்திரை எழுதித் தர்றேன். ஆனா தெனமும் நல்லா வேர்க்கிற மாதிரி நடக்கணும். அத வுட்டுடாதீங்க.”

பஸ்ஸில் திரும்பும்போது விருத்தாசலம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “வேல இல்லாம சும்மா நடக்கிறவன ஊரு பைத்தியம்னுதான் சொல்லும்.”

அம்சவள்ளியும் அப்படித்தான் நினைத்தாள். மாத்திரையைத் தவறாமல் கொடுத்தாள்; நடையைப் பற்றி வாய் திறக்கவில்லை. மல்லாட்டை பிடுங்குகிற நேரம், கூலி வேலைக்கு அவள் ஓடவேண்டியிருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று வருஷங்கள் ஓடிப்போயின. அதற்கிடையில் மகள் பாஞ்சாலியின் கல்யாணமும் நடந்தது. பழைய லைனுக்கே மாற்றச் சொல்லி ஒருமுறை அண்ணனைக் கேட்டாள். “அங்க வேற ஆளு போட்டாச்சு. நீதானம்மா அழுத?” என்றார் முத்துசாமி. இனி டாக்டரம்மா சொன்ன நடைதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு அவள் வீடு திரும்பினாள்.

ஒரு தை மாதக் காலையில், ராத்திரி ஷிப்ட் இல்லாத நாளாகப் பார்த்து, தவிட்டு மூட்டை ஒன்றை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். “ஏரிக்கர வூட்டுல மாட்டுக்குக் கேட்டாங்க. என்னால தூக்க முடியல, கூட வா.” பொய்தான். மூட்டையை அவள் ஒருத்தியே தூக்கிவிடுவாள். முனகிக்கொண்டே எழுந்து வந்தார். மறுநாள் வேறொரு சாக்கு. ஷிப்டுக்குத் தகுந்தபடி ஒருநாள் காலை, ஒருநாள் சாயங்காலம். ஊர் பார்த்தது, சிரித்தது. தலையைக் குனிந்துகொண்டு அவர் பக்கத்திலேயே நடந்தாள். சில வாரம் போனபின், சாக்கு இல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

பங்குனியில் ஒருநாள், கரும்புக் கொல்லையைத் தாண்டும்போது சட்டென்று நின்றார்.

“தண்ணி பாயாம காய வுட்டுட்டான் பாரு,” என்றார்.

அவராக எடுத்துப் பேசி எத்தனை காலம் ஆகியிருந்தது! அம்சவள்ளி “ஆமா” என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று பயம்.

தூக்கம் திரும்பியது. தட்டில் சோறு மிஞ்சவில்லை. ஆனால் பழைய விருத்தாசலம் முழுசாக வரவில்லை. ஷிப்டு மாறி நான்கு நாள் நடை தவறினால் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்.

“நாந்தான் ஒன்ன ஒக்கார வெச்சிக் கெடுத்துட்டேன் மாமா,” என்றாள் ஒருநாள்.

“நீ பயந்த,” என்றார் அவர். “ஒக்காந்தா இப்டி ஆவும்னு எனக்கு மட்டும் தெரிஞ்சுதா இன்னா?”

அவர் மன்னித்தது அவளை ஆற்றவில்லை.

அந்தச் சித்திரைக்கு, வளவனூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் பாஞ்சாலி வந்தாள். விருத்தாசலம் கேட்டுக்குப் போகும்வரை அவளோடு உட்கார்ந்து, மாமனார் வீட்டுக் கொல்லையில் என்ன பயிர், மோட்டார் எப்படி ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் பாஞ்சாலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“என் கல்யாணத்துல யாரோ வெளியாளு மாதிரி மூலையில ஒக்காந்திருந்தாரும்மா. அவருக்குப் புடிக்காத எடத்துல நான் கட்டிக்கினேன்னு கோவம்னு நெனச்சேன். இத்தினி வருசமா அது சீக்குன்னு தெரியாம அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்.”

அம்சவள்ளி மகளின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.