அப்பா சொன்ன சாட்சியும் மாமா அனுப்பிய கோடியும்

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்காகப் பலரும் அவரைப் புகழ்ந்து எழுதித் தந்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர், அவர் உயிரோடு இருந்தபோது எங்கள் தெருப் பக்கமே வராதவர்கள். நல்லதை மட்டும் எழுதும்படி சித்தப்பா சொல்லியனுப்பினார். நல்லதைத்தான் எழுதுகிறேன். சிலருக்கு அது கசந்தால் நான் பொறுப்பல்ல.

அப்பா பிறந்தது பசுவந்தனையில். ஆடு மேய்த்து, மழையை நம்பி விதைத்த குடும்பம். அந்த வீட்டிலிருந்து வேதியியல் படித்து, பிறகு சென்னைக்குப் போய் வேதிப் பொறியியலும் படித்து, கோவில்பட்டியில் கல்லூரி ஆசிரியரானார். ஆய்வகத்து வாயு ஏறி அவர் சட்டை அழுகிய முட்டைபோல நாறும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். "சௌகரியமா காலை நீட்டிட்டு வாரேன்" என்பார். சோதனைக் குழாயை முகத்துக்கு நேரே பிடித்த மாணவனை அன்று முழுக்க வெளியே நிறுத்திவிடுவார். எங்களிடமும் அதே கண்டிப்புத்தான். கொஞ்சுகிற அப்பா இல்லை அவர்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார்; தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தொண்ணூறுகளில் ஊர்ப்பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கியபோது அதன் நிர்வாகத்திலும் இருந்தார். அப்பா அங்கே வேதிப் பொறியியல் துறைத் தலைவரானார். மாமா போட்டுக் கொடுத்த வேலை என்றுதான் சொந்தக்காரர்கள் பேசினார்கள். அப்பா படித்த படிப்பு யார் கண்ணிலும் படவில்லை.

மாமாவின் ஆபீஸில், தீக்குச்சி மருந்துக்குக் குளோரேட்டையும் கந்தகத்தையும் உலர்ந்தபடியே ஒன்றாகப் போட்டு அரைப்பதை அப்பா ஒருநாள் பார்த்துவிட்டார். தனித்தனியாக அரைத்து, நீர் விட்டு ஈரமாக்கித்தான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் உரசலிலேயே பற்றிக்கொள்ளும் என்று எச்சரித்தார். மாமா சிரித்தார். "அதைக் காலேஜ் பிள்ளையளுக்குச் சொல்லுங்க மாப்ள. நாங்க காலங்காலமா மருந்து அரைக்குதோம்."

அந்தக் கோடையிலேயே அரைக்கும் அறை வெடித்தது. சுடலைமுத்து என்ற தொழிலாளி கருகி இறந்தார். அவர் பீடி பற்றவைத்ததுதான் காரணம் என்று மாமா சொன்னார். அவருக்குப் பீடிப் பழக்கமே கிடையாது என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். வேலை போய்விடும் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. விசாரணைக்கு நிபுணர் ஒருவர் தேவைப்பட்டபோது மாமாவே அப்பாவின் பெயரைச் சொன்னார். வீட்டு மாப்பிள்ளை, சொன்னபடி கேட்பார் என்ற நினைப்பு.

விசாரணைக்கு முந்தின நாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காப்பி வைத்தார்.

"பீடின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க மாப்ள. செத்தவன் வந்து இல்லேன்னா சொல்லப் போறான்?"

"அவன் வந்து சொல்ல முடியாதுல்லா மச்சான். அதான் நான் சொல்லுதேன்" என்றார் அப்பா.

சொன்னார். பீடியல்ல, உலர்ந்தபடி சேர்த்து அரைத்ததுதான் காரணம் என்று விசாரணையில் சாட்சி சொன்னார். சுடலைமுத்துவின் மனைவிக்கு நஷ்டஈடு கிடைத்தது. அப்பாவுக்குக் கிடைத்தது என்ன? துறைத் தலைவர் பதவி பறிபோனது. ஓய்வு பெறும்வரை முதலாமாண்டு மாணவர்களுக்கு உப்புச் சோதனை சொல்லிக்கொடுத்தார். குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்று பேர் வாங்கினார். கல்யாண வீடுகளிலிருந்து எங்களுக்குப் பத்திரிகை வருவது நின்றது. மாமா மட்டும் இன்றுவரை பீடி என்றே சொல்லிவருகிறார்.

அப்பா இறந்தபோது அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி, அதாவது புதுச் சேலை, போட வேண்டியவர் மாமா. அவர் வரவில்லை. சேலையை ஒரு பையில் போட்டு ஆபீஸ் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார். அம்மா அதைத் தொடவில்லை. "கோடிய ஆள் விட்டா போடுவாவ? அங்கன வச்சிட்டுப் போங்க" என்றார். கோடி இல்லாமலே சடங்கு முடிந்தது. அதற்கும் அம்மாவைத்தான் குறை சொன்னார்கள்.

அப்பாவைத் தூக்கிச் சுமந்த மாணவர்களுக்கு எங்கள் நன்றி. கயத்தாற்றிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, அம்மாவின் கையைப் பிடித்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருந்த சுடலைமுத்துவின் மனைவிக்கு எங்கள் நன்றி. வாசல்வரை வந்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களுக்குச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

முதல் வருஷத் திதிக்கு மாமா வருவதாகக் கேள்வி. வரட்டும். அந்தப் பை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. சுடலைமுத்துவின் மனைவியும் வருகிறார். பீடி என்று சொன்னது பொய் என்று அவர் முகத்தைப் பார்த்து மாமா சொல்லட்டும். அண்ணன் கையால் கொடுத்தால் அந்தச் சேலையை வாங்கிக்கொள்வதாக அம்மா சொல்லியிருக்கிறார். சொல்ல வாய் வராவிட்டாலும் பாதகமில்லை. இலை போட்டிருக்கும். சாப்பிட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போகலாம்.