உப்பு போட்ட கைடு

கல் உப்பு கையில பட்டா இன்னிக்கும் எனக்கு நூலக ஞாபகம்தான் வரும்...
ஈரப் பேப்பரும் நெத்திலிக் கருவாடும் கலந்த ஒரு வாசனை. சிரிக்காதீங்க, சொல்றேன்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு சின்ன கிளை நூலகம். அங்கதான் எனக்கு முதல் வேலை, அதுவும் தற்காலிகம். நூலகர் சாரும் நானும் மட்டும்தான்.

சாயங்காலம் ஆனா எர்ணாவூர்லேருந்து செல்வியக்கா வந்துடுவாங்க. பகல்ல கடற்கரையில கருவாடு போடற வேலை, அது முடிஞ்சதும் குரூப் ஃபோர் படிப்பு. எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு தடி கைடு. வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது, அங்கயே உட்கார்ந்து படிக்கணும்.

"இந்த வாட்டி ஆவலன்னா படிப்ப வுட்டுடறேன்னு வூட்டுக்காரர்கிட்ட சொல்லிகீறேன் பாப்பா"ன்னு சொல்வாங்க. பரீட்சைக்கு ஒரு மாசம்தான் இருந்தது.

அப்போதான் அந்த மழை...

முந்தின நாள் நான் பெரிய சுத்தக்காரி மாதிரி ரேக்கெல்லாம் தூசி தட்டினேன். மேல இருந்த கைடை எடுத்து கீழ் தட்டுல வெச்சேன். திருப்பி மேல வைக்க மறந்துட்டு பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டேன். தண்ணி வடிஞ்சு கதவைத் திறந்தப்போ கீழ் ரெண்டு தட்டும் சேறு. கைடு ஊறி தலையணை மாதிரி கிடந்தது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

கரண்ட் இல்ல, ஃபேன் இல்ல. பக்கங்களுக்கு நடுவுல வைக்க பழைய பேப்பர் தேடினா அதுவும் நனைஞ்சிருந்தது. மூணாம் நாள் பூஞ்சை வாடை அடிச்சது. சார் கைடைத் தூக்கி, கழிக்க வேண்டிய குவியல்ல போட்டார்.

செல்வியக்கா அதையே பார்த்துட்டு நின்னாங்க. "ரெண்டு நாள் குடு பாப்பா."

சார் அந்தப் பக்கம் போனதும் எடுத்துக் கொடுத்துட்டேன். தெரிஞ்சா என் வேலை போயிருக்கும். ஆனா தப்பு என்னோடதுதானே...

சொன்ன மாதிரியே கொண்டு வந்தாங்க. மேஜைமேல வெச்சதும் பொலபொலன்னு உப்பு கொட்டுச்சு!

சாருக்கு வந்ததே கோபம். "உப்பாம்மா போட்டீங்க? அது பேப்பரையே தின்னுடுமே!"

"கருவாடே மாசக்கணக்குல கெடாம கீது சார், பேப்பரு கெட்டுடுமா? உப்புல வெச்சி, அப்பால நெயல்ல வலை மேல காயப்போட்டேன்."

சார் ஒரு பக்கத்தைப் புரட்டினார். பிரிஞ்சு வந்தது. அடுத்ததும் வந்தது. பூஞ்சை இல்ல. கைடைத் திரும்ப குவியல் பக்கம் கொண்டு போகல, மேல் தட்டுலயே வெச்சுட்டார். நான் யார்கிட்ட கேட்டுக் கொடுத்தேன்னும் கேட்கல, நல்ல மனுஷன்.

அந்த மாசம் பூரா செல்வியக்கா அதுலதான் படிச்சாங்க. மீன் கீறிக் கீறி விரல் எல்லாம் வெட்டுக்காயம். ஒவ்வொரு பக்கம் புரட்டும்போதும் உப்பு பட்டு "ஸ்ஸ்"ம்பாங்க. துணி சுத்திக்கக் கொடுத்தா, பக்கம் புரட்ட வரலன்னு கழட்டிப் போட்டுடுவாங்க.

பாஸ் பண்ணிட்டாங்க. இப்போ வெளியூர்ல ஒரு அரசு ஆபீஸ்ல வேலை.

நான் இன்னிக்கு பெரிய நூலகத்துல இருக்கேன். போன மாசம் ஒரு ட்ரெயினிங். நனைஞ்ச புத்தகத்தை உடனே ஃப்ரீசர்ல வைக்கணுமாம், பூஞ்சை பிடிக்காதாம். எனக்கு சிரிப்பு தாங்கல. மீனுக்குச் செய்றதைத்தான் செய்யணும்னு செல்வியக்கா அன்னிக்கே கண்டுபிடிச்சிருக்காங்க, ஐஸுக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டாங்க, அவ்வளவுதான்.

இப்போ பசங்க ஃபோன்லயே பிடிஎஃப் படிக்கிறாங்க. நனையாது, நாறாது, விரலும் எரியாது. நல்லதுதான். ஆனாலும் அந்த "ஸ்ஸ்" இல்லாத வாசிப்பறை எனக்கு என்னவோ மாதிரி இருக்கு.

பல வருஷம் கழிச்சு அந்தக் கைடைக் கழிச்சப்போ, சாரே என் கையில கொடுத்துட்டார். என் அலமாரியிலதான் இருக்கு. காத்துல ஈரம் ஏறினா போதும், உள்ள ஒட்டியிருக்கிற உப்புக்கு அட்டையெல்லாம் பிசுபிசுன்னு வேர்த்துடும்.

நேத்து வானம் இருட்டினதும் செல்வியக்கா ஃபோன்.

"இன்னா பாப்பா, புக்கு வேர்த்துச்சா?"

"வேர்த்துடுச்சுக்கா. தொடச்சு வைக்கிறேன்."

"தொடச்சு வை... உப்ப மட்டும் தட்டிடாத."