மங்கலான வில்லை

“பளபளன்னு இருந்தத மங்கலாக்கறதுக்குன்னே ஒரு படிப்புங்களா அம்மணி?” என்று அப்பாவின் முதலாளி என்னிடம் கேட்டபோது, அவர் உள்ளங்கையில் என் டைட்டானியம் வில்லை இருந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான். கணபதி பகுதியில் இருந்த அவருடைய கிரைண்டர் பட்டறையில் அப்பாவுக்கு பஃப்பிங் வேலை. மாவாட்டும் எவர்சில்வர் டிரம்மை ஓடும் சக்கரத்தில் அழுத்திக் கண்ணாடியாக்குவார். தன் மீசை அதில் தெளிவாகத் தெரியும்வரை கீழே இறக்க மாட்டார்.

நான் எம்.எஸ்சி. முடிக்கும் தறுவாயில் இருந்தேன். பட்டறை அலுவலகத்தில் எனக்கென்று ஒரு வேலையை முதலாளி வைத்திருந்தார். எனக்கோ மேலே ஆராய்ச்சிக்குப் போக ஆசை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதற்குமேலும் படிக்க என்ன இருக்கிறது என்று அப்பாவுக்கு எடுத்துச் சொல்ல உறவில் யாருமில்லை. திங்கட்கிழமை பதில் சொல்வதாக அவர் முதலாளியிடம் ஒப்புக்கொண்டிருந்தார். அதற்குள் என் வேலையைக் கண்ணால் காட்டிவிடலாம் என்றுதான், ஆய்வில் மிஞ்சிய ஒரு வில்லையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் திருகை இந்த உலோகத்தில்தான் செய்கிறார்கள், மேற்பரப்பு வழவழவென்று இருந்தால் எலும்பின் செல்களுக்குப் பிடிமானம் குறைவு என்று விளக்கினேன். அமிலக் கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள குழாய்கள் தேன்கூடுபோல நெருக்கமாக அதன்மேல் வளரும். நம் கண்ணுக்குத் தெரிவது அந்த மங்கல் மட்டும்தான். முதலாளி கெட்டவரில்லை, கேட்டுச் சிரித்தார், அவ்வளவுதான். அப்பா சிரிக்கவில்லை. வில்லையை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதை என் கையில் வைத்தார். என் முகம் அதில் தெரிந்தது. மகளின் வேலையை ஒருவர் மங்கல் என்று சொல்லிவிட்டாரே என்று, மெல்லிய துணிச் சக்கரமாகப் பார்த்து மாட்டி, மெழுகு தடவி மெருகேற்றியிருக்கிறார். வளர்த்த குழாய்கள் மொத்தமும் வழிக்கப்பட்டுப் போயிருந்தன. விரலால் தடவிப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெடுத்துப்போட்டனா கண்ணு?”

மிஞ்சின வில்லைதானே அப்பா என்றேன். அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்து மேடத்திடம் கேட்டுக்கொண்டு, அந்த வில்லையின் மெழுகு போகக் கழுவி, மங்கலான வேறொன்றின் பக்கத்தில் வைத்தேன். இரண்டின் மேலும் எலும்புச் செல்களை விட்டு வளர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் நுண்ணோக்கிப் படங்களை நீட்டினேன். அவர் மெருகேற்றியதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கடுகு சிந்தினாற்போலச் செல்கள் உருண்டு கிடந்தன. மங்கலானதில் அவை நாலாபக்கமும் கால் நீட்டி, கோவைக்கொடி வேலியைப் பற்றுவதுபோலப் பற்றிப் பரவியிருந்தன. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் வெகுநேரம் பார்த்தார். பிறகு படங்களை மடிக்காமல் ஒரு காலண்டர் அட்டைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை நடந்ததைப் பின்னால் முதலாளியே என்னிடம் சொன்னார். அப்பா இரண்டு படங்களையும் அவர் மேசைமேல் வைத்து, “கண்ணாடியாட்ட இருந்தா எலும்பு ஒட்டாதுங்களாமா. என்ற புள்ள மங்கலாவே செய்யட்டுமுங்க” என்றாராம். “அப்ப நம்ம டிரம்மை ஒருத்தனுக்கும் ஒடம்புக்குள்ள வெக்க முடியாதுன்னு சொல்ற?” என்று முதலாளி சீண்டியிருக்கிறார். அப்பா போய் மோட்டாரைப் போட்டுவிட்டார். எனக்கு நினைவு தெரிந்து அந்த மனிதரிடம் அப்பா ஒன்றை மறுத்தது அப்போதுதான். என் பெயருக்குப் பின்னால் வந்திருக்கும் எழுத்துகளைவிட எனக்கு அது பெரிய பெருமை.

இப்போது என் ஆராய்ச்சி மேசையில் அந்தப் பளபளப்பான வில்லை இருக்கிறது. வருகிறவர்கள் அதை எடுத்து முகம் பார்ப்பார்கள். வில்லை தட்டையானது, அதில் குழாய் வளர்ப்பது சுலபம். நான் இப்போது வளர்க்கப் பார்ப்பது திருகின்மேல். அதைச் சுற்றியோடும் மரைகளுக்குள் மின்சாரம் ஒரே சீராகப் போய்ச் சேராது, பள்ளமும் மேடும் வெவ்வேறு நிறத்தில் வரும். எத்தனையோ திருகுகள் அப்படி வீணாயின. நேற்று ஒன்று, தலையிலிருந்து நுனிவரை ஒரே மங்கலாகக் கரைசலிலிருந்து வெளியே வந்தது. அப்பாவின் மகள் அல்லவா, துப்பட்டா நுனி தன்னால் விரலுக்கு வந்துவிட்டது. துடைக்கவில்லை. இடுக்கியால் எடுத்து டப்பாவில் வைத்து மூடி, இன்று காலை அடுத்த கட்டச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.