சிவப்புத் துணி கட்டிய டேங்க்

1. பாகல் பந்தல்

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மூன்று ஏக்கர் காய்கறித் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் மேஸ்திரியாக இருந்தேன். எனக்கு வாய் நீளம். அந்த வாயால் நான் பட்ட அசிங்கத்தை, புதிதாகத் தோட்ட வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதுகில் மாட்டி மருந்தடிக்கும் டேங்க் எங்களிடம் இரண்டு. இரண்டும் ஒரே நீல நிறம். ஒன்று வரப்பில் களைக்கொல்லி அடிக்க, மற்றது செடிக்குப் பூச்சிமருந்து அடிக்க. களைக்கொல்லி டேங்க்கை ஒருமுறை அலசினாலும் மிச்சம் போகாது, செடியில் பட்டால் செடி காலி. அதனால் அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருப்போம். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டுமே என்று நான் செய்த ஏற்பாடு அது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

மருந்தடிப்பது ஆண்கள் வேலை என்றுதான் அந்தப் பக்கத்தில் பேச்சு. எங்கள் தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த மரகதம் அதைக் கேட்டு வாங்கினாள். களை வெட்டுவதைவிடக் கூலி அதிகம். தனியாளாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். ஒரு வருடமாக ஒரு தப்பும் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பாகல் பந்தலுக்குள் போனால், குருத்தெல்லாம் முறுக்கிக்கொண்டு இலை சுருண்டு கிடக்கிறது. பூ வைக்கிற நேரம்! ஒரு கொடியை அறுத்துக் கொண்டுபோய் விவசாய ஆபீசான கிருஷிபவனில் காட்டினேன். பார்த்த உடனே களைக்கொல்லி என்றார்கள். மூன்று நாளுக்கு முன் அந்தப் பந்தலுக்கு மருந்தடித்தது மரகதம்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றேன். டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். "பொம்பளகிட்ட டேங்க்கக் குடுத்தா இப்படித்தானுங்க ஆகும்" என்று அங்கிருந்த தோட்டக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

2. என் விரல்

மோட்டார் ரூம் முன்னால் எல்லாரும் கூடியிருந்தார்கள். பண்ணாடியும் வந்துவிட்டார். தோட்டத்துக்காரரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஏம்புள்ள, கண்ணு பொடனிலயா இருக்குது? செவப்புத் துணி தெரியலையா?" என்றேன்.

"துணி இல்லீங்ணா. இருந்திருந்தா தொட்டிருப்பனுங்களா?" என்றாள் மரகதம்.

"இல்லையா? பேய் வந்து அவுத்துட்டுப் போச்சா?" கையை நீட்டி நீட்டிக் கத்தினேன்.

"நெசமாலுமே இல்லீங்ணா."

பண்ணாடி கையமர்த்தினார். "இனி நீ டேங்க்கத் தொட வேண்டாம்மா. களை வெட்டறதுன்னா வா. இல்லீன்னா வேற எடம் பாத்துக்க."

அவள் என் கையையே பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் சிவப்புத் துணி.

நாலு நாளுக்கு முன், பந்தலுக்குக் கயிறு அறுக்கும்போது கத்தி விரலில் இறங்கிவிட்டது. டேங்க்குகள் வைக்கும் மோட்டார் ரூமில், அவசரத்தில் கைக்குக் கிடைத்த துணியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டேன். மருந்து நாற்றமடிக்கும் துணியைப் புண்ணில் சுற்றுகிறவனுக்கு அறிவு எவ்வளவு இருக்கும்! மறுநாள் மரகதம், துணியில்லாமல் முன்னால் இருந்த டேங்க்கை எடுத்திருக்கிறாள்.

உண்மையைச் சொல்கிறேன். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கத்தரிப் பாத்திக்குப் போனாள். அவள் இறங்கிக் கொத்த ஆரம்பித்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"பண்ணாடி, துணி இங்க இருக்குதுங்க" என்று விரலை நீட்டினேன்.

அவர் விரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உன்னைய என்னய்யா பண்றது? போயி அந்தப் புள்ளையக் கூப்புடு" என்றார்.

3. அதே டீக்கடை

"நீதான் பாத்தியே, ஏம்புள்ள சொல்லல?" என்று கத்தரிப் பாத்திக்குப் போய்க் கேட்டேன்.

மரகதம் நிமிரவில்லை. "துணி இல்லீன்னு ரெண்டு வாட்டி சொன்னேனுங்ணா. அதையே ஆரும் கேக்கல. உங்க வெரலக் காட்டியிருந்தா, தப்பப் பண்ணீட்டு மேஸ்திரி தலைல கட்டறாள்னு சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன்தான். அதே வார்த்தையில்.

"மன்னிச்சுக்க புள்ள. மருந்து இனியும் நீதான் அடிக்கோணும்."

"டீக்கடைல பேசுனீங்களாமே? அங்கயும் போயி சொல்லுங்க. அப்பறம் டேங்க்கத் தூக்கறேன்."

போனேன். அதே பெஞ்சில் அதே ஆட்கள். "தப்பு மரகதத்துது இல்லீங்க, என்னுது" என்று விரலைத் தூக்கிக் காட்டினேன். ஒருவருக்குச் சிரித்த சிரிப்பில் டீ புரை ஏறியது. அதற்குப் பிறகு வெகுநாள் என்னை அந்தக் கடையில் விரல் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

பாதிக் கொடியைப் பிடுங்க வேண்டியதாயிற்று. களைக்கொல்லி டேங்க்குக்கு மரகதம் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டாள். "இத அவுத்து வெரல்ல கட்ட முடியாதுங்ணா" என்றாள். இப்போதும் யாரையாவது திட்ட வாய் திறந்தால், முதலில் என் கையைப் பார்த்துக்கொள்கிறேன். முக்கால்வாசி நேரம் திட்ட வேண்டியிருப்பதில்லை.