இமெல்டா வைத்த பெயர்

கொட்டாஞ்சேனை இமெல்டா, கொம்பனித்தெருவில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். இரண்டாயிரமாம் ஆண்டில் வத்தளையில் மிளகாயும் மல்லியும் அரைத்துச் சரக்குத்தூள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வேலை அவளிடம் வந்தது. பொருட்களை நிறுத்துப் பொதி செய்யும் இயந்திரத்துக்கு நிரல் எழுத வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் வேண்டிய கட்டளைகளை ஒரு பெயரில் சேமித்து வைத்தால், பிறகு அந்தப் பெயரைச் சொல்லி எங்கிருந்தும் அழைக்கலாம். அதை லைப்ரறி என்பார்கள். பெயர் வைப்பதில்தான் அந்த மென்பொருள் அவளைப் படாத பாடு படுத்தியது. சேமிக்கும்போது எந்தப் பெயரையும் ஏற்றுக்கொண்டது. அழைக்கும்போது இடைவெளி கூடாது, கோடு கூடாது என்றது. ஆறு எழுத்துக்கு மேல் போனால் சத்தமில்லாமல் வாலை வெட்டியது. கைநூலில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. சலித்துப்போய், சமையலறைச் சொற்களையே ஆங்கில எழுத்தில் வைத்தாள். உப்பு, மல்லி, புளி. எல்லாம் சின்னச் சொற்கள். எங்கும் தடையில்லாமல் போயின.

டிஸ்க்கோடு புறப்பட இருந்த காலையில்தான் அவளுக்கு உறைத்தது. ஆங்கில எழுத்தில் புளிக்கும் புலிக்கும் வித்தியாசமே இல்லை. வடக்கில் புலிகளோடு போர் நடந்துகொண்டிருந்த காலம். அவசரமாகப் பெயரை மாற்றிப் பார்த்தாள். மென்பொருள் மாற்ற விட்டது, ஆனால் நிரல் பழைய பெயரையே தேடிக்கொண்டு நின்றது. வத்தளையில் காத்திருந்தார்கள். எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு பஸ் ஏறினாள்.

களனிப் பாலத்தடியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்தான், டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பிறகு போகச் சொன்னான்.

அன்று முதலில் பொதி செய்ய இருந்தது புளிப்பசை. நிரலை ஓடவிட்டதும், ‘puli’ என்ற பெயரில் எதுவும் கிடைக்கவில்லை என்று திரையின் நடுவே செய்தி வந்தது. தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். பழைய இராணுவக்காரர். வெளியார் யார் வந்தாலும் கூடவே நிற்பார்.

அது என்ன பெயர் என்று சிங்களத்தில் கேட்டார். சியம்பலா, புளி என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள்.

“இந்தச் சொல்லை நான் வடக்கில் கேட்டிருக்கிறேன், மிஸ். வேறு அர்த்தம்” என்றார் அவர்.

அவளுடைய அட்டையை வாங்கி இலக்கத்தை எழுதிக்கொண்டார். தொலைபேசியில் கை வைத்தவர், ஏதோ யோசித்து, பொதியறையிலிருந்து தமிழ் தெரிந்த ஒருத்தியைக் கூப்பிட்டார். பைறோஸா என்ற நடுவயதுக்காரி வந்தாள். தமிழில் புலி என்றால் என்ன என்று அதிகாரி கேட்டார். இமெல்டா தரையைப் பார்த்தாள். வந்தவள் புலிக்குச் சிங்களத்தில் ‘கொட்டியா’ என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

பைறோஸாவின் கைகள் முழங்கை வரை புளியாக இருந்தன. அவள் நிதானமாகச் சிங்களத்தில் கேட்டாள்:

“எந்தப் புளி, சேர்? கொறக்காவா, சியம்பலாவா? கொறக்கா இன்னும் வரவில்லை.”

அதிகாரி அவளுடைய கைகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். தொலைபேசியிலிருந்து கையை எடுத்தார்.

பிழை சின்னதுதான். அங்கிருந்த மென்பொருளின் பழைய பதிப்புக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டுமே தெரியும். அவர் பார்த்துக்கொண்டிருக்க, அதே சொல்லை நான்கு பெரிய எழுத்துகளில் இமெல்டா மறுபடி அடித்தாள். இயந்திரம் ஓடியது.

வெளியே வரும்போது பைறோஸா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“அவர் எதக் கேட்டாரெண்டு எனக்கு வெளங்கின, மிஸ்” என்றாள் தணிந்த குரலில். “நேரத்தோட ஊட்டுக்குப் போங்க.”

இமெல்டாவின் கணவன் கிளறன்ஸுக்குத் துறைமுகத்தில் வேலை. அன்றிரவு நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, “அட்டை நம்பரை எழுதினவரோ?” என்று மட்டும் கேட்டான்.

“ஓம்.”

பல மாதங்கள், ஒழுங்கைக்குள் ஒரு வாகனம் வந்து நின்றால் இமெல்டா அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுப்பாள். ஒருவரும் வரவில்லை.

அலுவலகத்தில் எல்லா லைப்ரறிகளுக்கும் ஓர் எழுத்தும் சில இலக்கங்களுமாகப் புதுப் பெயர் வைத்தாள். அழைக்கும் இடங்களையெல்லாம் தேடித் திருத்த வாரக்கணக்கில் எடுத்தது. ஏன் இந்த வேலை என்று மேலாளர் கேட்டபோது, மென்பொருள் இப்படி வைத்தால்தான் கேட்கிறது, சேர், என்று சொன்னாள்.