கந்தர்வக்கோட்டையில் அகப்பட்ட பகா எண்

ஷர்லி கணக்கில் எம்.எஸ்சி. முடித்தவள். ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த வருஷமே கல்யாணம் ஆகிவிட, கணவன் பிராங்க்ளினோடு சேர்ந்து கந்தர்வக்கோட்டை கடைவீதியில் ஜெராக்ஸ் கடை போட்டாள். பட்டா நகல், ரேஷன் கார்டு திருத்தம் என்று நாள் ஓடியது. கணக்கு மட்டும் அவளை விடவில்லை.

பெரிய பகா எண்களைத் தேடும் குழு ஒன்று இணையத்தில் இருந்தது. பல நாட்டுக்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை அதற்குக் கொடுத்திருந்தார்கள். ஷர்லியும் சேர்ந்தாள். அவள் சோதித்தவை எல்லாம் ஒரே ஜாதி எண்கள்: ஒரு சின்ன ஒற்றைப்படை எண்ணை இரண்டால் லட்சக்கணக்கான தடவை பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வருபவை. அவற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சிறிய எண் ஒன்றில் தொடங்கி வர்க்கத்துக்கு மேல் வர்க்கமாக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசி மீதி அந்தப் பெரிய எண்ணுக்குச் சரியாக ஒன்று குறைவாக வந்தால் அது பகா எண். மறுபேச்சே கிடையாது.

வருஷக்கணக்கில் அப்படி வரவே இல்லை. போதாக்குறைக்குப் போன கோடையில் குழுவிலிருந்து ஒரு மெயில்: உங்கள் கம்ப்யூட்டர் தரும் விடைகள் மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகவில்லை.

ஷர்லிக்கு முகம் சுண்டிவிட்டது. கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே தூசி அப்பிக் கிடந்தது. ஃபேன் பாதி வேகத்தில் சுற்றியது. சூட்டில் மிஷின் கணக்கில் பிசகியிருக்கிறது.

"பழசை விட்டுட்டுப் புதுசா ஆரம்பி ஷர்லி," என்றான் பிராங்க்ளின்.

"இல்லங்க. நாம கெடுத்த கணக்க நாமளே சரி பண்ணணும்."

தூசி தட்டி, ஃபேனையும் மெமரியையும் மாற்றி, வெயில் படாத சுவரோரம் பெட்டியை வைத்தாள். தப்பாகிப்போன எண்களைக் குழுவிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக மறுபடி ஓட்டினாள். மழைக்காலம் தொடங்கிய ஒரு மத்தியானம், யாருக்கோ வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தவள் பக்கத்துத் திரையைப் பார்த்தாள். கடைசி மீதி, ஒன்று குறைவு. முதல் தடவை மிஷின் தவறவிட்ட எண்.

"என்னங்க, இங்கிட்டு வாங்க," என்றாள். எழுந்து திரையைக் காட்டினாள். பிராங்க்ளின் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தான்.

இரண்டு நாளில் குழுவினர் வெளிநாட்டில் வேறொரு புரோகிராமில் சோதித்து உறுதி செய்தார்கள். பெரிய பகா எண்களின் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே அவள் பெயர் ஏறியது. பத்து லட்சம் இலக்கங்களுக்கு மேல். பிராங்க்ளின் அத்தனையையும் பொடி எழுத்தில் பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து கவுண்டரில் வைத்தான்.

முந்திரி வியாபாரி செல்லமுத்து ஆதார் நகலுக்கு வந்தவர், புரட்டிப் பார்த்தார். "இம்புட்டும் ஒரே நம்பராம்மா? எதாலயும் வகுபடாதா?"

"ஒண்ணால வகுபடும், அதே நம்பரால வகுபடும். வேற எதாலயும் வகுபடாதுங்க."

"யாரு கண்டுபுடிச்சது?"

ஷர்லி எழுந்து நின்றாள். "நாந்தாண்ணே," என்றாள், தெருவுக்கே கேட்கிற குரலில்.