மதிலில் விட்டு வைத்த இடம்

தயாளினியின் தகப்பன் பண்டத்தரிப்பில் தனியே இருந்து செத்தவர். வாசல் படலையில் நின்று ஹோன் அடித்து அலுத்துப்போன மீன்காரர்தான் உள்ளே போய்ப் பார்த்தார். வைத்திருக்கக்கூடிய நிலையில் பிரேதம் இல்லை. கரவெட்டியில் வாழ்க்கைப்பட்ட மகள் போய்ச் சேர முன்னரே பெட்டியை மூடிவிட்டார்கள். பெற்ற தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை என்ற துக்கம் அவளுக்கு ஆறவே இல்லை. தனித்திருக்கும் முதியவர்களை அடிக்கடி போய்ப் பார்க்கும் திட்டத்துக்கு நெல்லியடியில் ஒரு தொண்டு நிறுவனம் ஆள் தேடியபோது, இருந்த வேலையை விட்டுவிட்டு அவள் அங்கே சேர்ந்தது அதனால்தான்.

நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. ஊரிலுள்ள அமைப்பு ஒன்று கூட்டாகச் சேர வேண்டும். சேராவிட்டால் திட்டம் வேறு பிரதேசத்துக்குப் போய்விடும். அந்த அமைப்பைத் தேடிப் பிடிப்பதுதான் தயாளினியின் வேலை.

எங்கள் ஊரில் அமைப்புகளுக்கு என்ன குறை. சந்திக்குச் சந்தி பெயர்ப்பலகை நிற்கிறது. சனசமூக நிலையத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், செயலாளர் கனடாவுக்குப் போய்விட்டார், புதிய ஆளைத் தெரிவுசெய்யக் கூட்டம் வைத்தால் ஒருவரும் வருவதில்லை என்றார்கள். மாதர் சங்கத் தலைவி தேத்தண்ணி தந்து உபசரித்துவிட்டு, "எங்கடை பெண்டுகள் எல்லாம் வேலைக்குப் போகினம். ஆர் வீடு வீடா வாறது?" என்று கேட்டாள். கோயில் சபை இரண்டாகப் பிரிந்து வழக்காடிக்கொண்டிருந்தது. விளையாட்டுக் கழகச் செயலாளர் கோகுலன் நல்ல பிள்ளை. "சுற்றுப்போட்டி முடியட்டும் அக்கா" என்றான். எங்கள் ஊரில் சுற்றுப்போட்டி எப்போது முடிந்தது?

போன இடமெல்லாம் கடைசியில் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். "மரண உதவிச் சங்கத்தைக் கேளுங்கோ. அவையள்தான் ஒண்டெண்டால் ஓடி வாற ஆக்கள்."

அது உண்மை. ஒரு வீட்டில் உயிர் போனால், அழுகைச் சத்தம் அடங்க முன்னரே பந்தல் தடியும் கதிரையும் வந்து இறங்கிவிடும். அடுப்பு மூட்டுவதிலிருந்து சுடலைக்கு விறகு ஏற்றுவது வரை அவர்களே பார்ப்பார்கள். தலைவர் பரமலிங்கம் இளைப்பாறிய தபாலதிபர், சொன்ன சொல் தவறாதவர்.

"செத்த பிறகு ஓடுறம். உயிரோடை இருக்கேக்கை எட்டிப் பாத்தால் என்ன குறைஞ்சே போவம்? செய்வம் பிள்ளை" என்றார்.

அன்றைக்குத் தயாளினி வீட்டுக்கு வந்து தகப்பனின் படத்துக்குப் பூ வைத்தாள்.

முதலில் போனது தங்கமுத்து வீட்டுக்கு. பிள்ளைகள் எல்லாரும் கனடாவில். மாடி வீடும் சுற்றுமதிலும் கட்டிக் கொடுத்து, வாசலைப் பார்த்தபடி ஒரு கமராவும் பூட்டியிருந்தார்கள். கதைக்கத்தான் ஆளில்லை. தயாளினி முன்கூட்டியே போய்ச் சொல்லியிருந்ததால் மனுசி விறாந்தையில் வந்து காத்திருந்தாள்.

சங்கத்தார் பழக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டையோடு வந்தார்கள். வந்தது சங்கத்தின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில். போகிற வழிதானே என்று, எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த ஒரு செத்தவீட்டில் எடுத்த கதிரைகளையும் அதன் இழுவைப் பெட்டியில் ஏற்றி வந்திருந்தார்கள். கேற்றடியில் அது வந்து நின்றதைக் கண்டதும் தங்கமுத்து எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"நான் இன்னும் சாகேல்லை எண்டு சொல்லிவிடு பிள்ளை" என்று யன்னலுக்குள்ளால் சொன்னாள். "உவங்கள் ஏன் இப்பவே பந்தலுக்கு இடம் பாக்க வாறாங்கள்?"

"நாங்கள் என்ன யமன்ரை ஆக்களே?" என்று கேட்ட பரமலிங்கத்துக்கு முகம் கறுத்துவிட்டது. இரண்டு பேரிலும் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. பொழுதுபடுவதற்குள் செய்தி ஊரெல்லாம் பரவி, தனித்திருந்த மற்றக் கிழவர்களும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சங்கமும் ஒதுங்கிக்கொண்டது.

திட்டம் வேறு பிரதேசத்துக்குப் போனது. தயாளினியையும் அங்கே மாற்றினார்கள். அவள் கெஞ்சிப் பார்த்தாள். நிறுவனம் மரியாதையாகத்தான் மறுத்தது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தங்கமுத்துவிடம் போய்வந்தாள். சம்பளத்துக்கல்ல. அந்த மனுசி அவளுக்கென்று புட்டு அவித்து வைத்துக்கொண்டு பார்த்திருப்பாள். "உன்ரை ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால்தான் எனக்கு ஞாயிறு" என்பாள்.

ஒரு ஞாயிறு புதிய இடத்தில் கூட்டம் இருந்ததால் போக முடியவில்லை. அடுத்த ஞாயிறு போய்க் கூப்பிட்டபோது சத்தமில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கிணற்றடியில் தங்கமுத்து விழுந்து கிடந்தாள். உயிர் போய்ச் சில நாளாகியிருந்தது. கமரா பார்ப்பது வாசலையல்லவா. தயாளினி தன் சால்வையை எடுத்து முகத்தை மூடினாள். பிறகுதான் பரமலிங்கத்துக்குப் போன் எடுத்தாள்.

செத்தவீட்டை ஒருவரும் குறை சொல்ல முடியாது. சங்கம் பந்தல் போட்டது. கழகப் பொடியன்கள் தோரணம் கட்டினார்கள். மாதர் சங்கம் தேத்தண்ணி ஊற்றியது. வழக்காடிய கோயில் சபையார் இரு பகுதியாரும் வந்து பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். கனடாவுக்கு வீடியோ நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. "அம்மாவின்ரை முகத்தை ஒருக்காக் காட்டுங்கோ" என்று மகள் போனில் அழுதாள். பெட்டி மூடியிருந்தது. அந்த அழுகை எப்படிப்பட்டது என்று அந்தப் பந்தலில் தெரிந்தவள் தயாளினி ஒருத்திதான்.

வெளியே மதில் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. மாதர் சங்கம், கழகம், கோயில் சபை, செயலாளர் இல்லாத சனசமூக நிலையம்கூட. ஏறி இறங்கிய ஒவ்வொரு படியையும் அவள் அங்கே வாசித்தாள்.

பரமலிங்கம் பக்கத்தில் வந்தார்.

"உங்கடை நிறுவனத்தின்ரை நோட்டீஸ் இன்னும் வரேல்லையே பிள்ளை? மதில் மூலையிலை இடம் விட்டு வைச்சிருக்கிறம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"அது அப்பிடியே கிடக்கட்டும் அண்ணை."

உள்ளே போய்ச் சங்கத்தின் கதிரையொன்றில் இருந்து அவள் வாய்விட்டு அழுதாள். சொந்தக்காரி என்று நினைத்து யாரோ ஒரு பெண் அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.